பெங்களூர் மேட்டில் ஒற்றை கியர் சைக்கிள்: ஏறுவது இருக்கட்டும், இறங்குவது எப்படி?

பெங்களூர் சைக்கிள் கடைகளில் "ஃபிக்ஸி" என்ற சொல் இப்போது ரொம்பவே அடிபடுகிறது. ஒல்லியான ஃபிரேம், கலர் கலராக ரிம், கியர் ஒயர் கிடையாது, மட்கார்டு கிடையாது, விலையும் கியர் வண்டியைவிடக் குறைவு. கடைக்காரர் ஃபிக்ஸி என்கிறார், விளம்பரத்திலும் ஃபிக்ஸி என்றே போட்டிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து பெடலைப் பின்னால் சுற்றிப் பாருங்கள். டிக் டிக் டிக் என்று சத்தம் வந்தால் அது ஃபிக்ஸி இல்லை. ஊரில் பால்காரர் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் ஒல்லிப் பேரன், அவ்வளவுதான்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. ஒன்று, கியர் இல்லாமல் இந்த ஊர் மேட்டில் ஏற முடியுமா? இன்னொன்று, ஃபிக்ஸிக்கு பிரேக்கே வேண்டாம் என்கிறார்களே, நிஜமா? முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டாவது கேள்வியை வைத்துத்தான். ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## இரண்டும் ஒன்றல்ல

முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றுவது செயின் வீல். பின் சக்கரத்து நடுவில் இருப்பது சின்னப் பல்சக்கரம். இரண்டையும் இணைப்பது செயின். இதுவரை எல்லா சைக்கிளிலும் ஒன்றுதான். வித்தியாசம் அந்தப் பின் பல்சக்கரம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

1. சிங்கிள் ஸ்பீட்: பின்னால் இருப்பது ஃப்ரீவீல். முன்னோக்கி மிதித்தால் பிடிக்கும், மிதிப்பதை நிறுத்தினால் விட்டுவிடும். கால் சும்மா இருக்கும், வண்டி உருளும். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள், குரங்குப் பெடல் போட்டு நாம் பழகிய வாடகை சைக்கிள் எல்லாம் இந்த ஜாதி.

2. ஃபிக்ஸட் கியர், அதாவது ஃபிக்ஸி: பின் பல்சக்கரம் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடு உருளையோடு, இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும். காலை நிறுத்த முடியாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி வேகம் குறையும். வேலோட்ரோம் எனப்படும் சாய்தளப் பந்தய வளையத்துக்காக உருவான வகை இது. அங்கே சிக்னல் இல்லை, குழி இல்லை, நாய் இல்லை, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். பிரேக் இல்லாமல் ஓட்டும் பழக்கம் வந்தது அந்த வளையத்திலிருந்து. நம் ரோட்டுக்கு அதைக் கொண்டுவரும்போது அந்த நிபந்தனைகளும் கூடவே வருவதில்லை.

சில வண்டிகளில் ஃபிளிப் ஃபிளாப் ஹப் இருக்கும். பின் சக்கரத்தின் ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரம். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் வண்டியின் குணமே மாறிவிடும். இது புதிய கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. டூர் டி ஃபிரான்ஸ் போட்டியில் கியர் மாற்றும் டிரெய்லியர் (derailleur) அமைப்பை 1937 வரை அனுமதிக்கவில்லை. அதற்கு முன் ஓடிய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

## பல்லை எண்ணினால் போதும்

செயின் வீலில் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்று எண்ணுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதுதான் கியர் விகிதம். முன்னால் 46, பின்னால் 16 என்றால் 2.88. பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் பின் சக்கரம் 2.88 முறை சுற்றும். மெல்லிய டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். பெருக்கினால் ஒரு மிதிக்கு 6 மீட்டர். முன்னால் 42, பின்னால் 18 என்றால் விகிதம் 2.33, ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5 மீட்டர். மிதி என்று இங்கே சொல்வது ஒரு முழுச் சுற்றை.

6 மீட்டர், 5 மீட்டர். ஒரு மீட்டர்தான் வித்தியாசம் என்று தோன்றும். சமதளத்தில் அப்படித்தான். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் முதலாவது 32 கிலோமீட்டர் வேகம் தரும், இரண்டாவது 27. அவுட்டர் ரிங் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு இரண்டுமே பகல் கனவு என்பது வேறு விஷயம். கடைக்காரர்கள் பெரும்பாலும் பெரிய விகிதத்தையே கொடுப்பார்கள், கடை வாசலில் ஒரு ரவுண்டு அடித்தால் வண்டி பறக்கிற மாதிரி இருக்கும். மேடு வரும்போதுதான் அந்த ஒரு மீட்டரின் விலை தெரியும்.

## பெங்களூர் மேடு எப்படிப்பட்டது

பெங்களூரை மலை நகரம் என்று சொல்ல மாட்டோம், ஊட்டி மாதிரி இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபில்பர்ட் தெருவின் ஒரு துண்டு 31.5 சதவீதச் சரிவு, அதாவது 100 மீட்டர் முன்னால் போனால் 31.5 மீட்டர் உயரம். அதெல்லாம் இங்கே இல்லை. ஆனால் சென்னை மாதிரி தட்டையும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், அலை அலையாகக் கிடக்கும் ஊர்.

அந்த அலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஊரின் நடுவே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு முகடு ஓடுகிறது. முகட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்குகிறது. இரண்டு பக்கமும் கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் வந்து சேர்கிறது. இடையில் வாய்க்கால் பள்ளங்கள், அவற்றில் ஏரிகள். ஆகவே இந்த ஊரில் மேடு பள்ளம் தெரிய ஒரு எளிய வழி: ஏரி இருக்கிற பக்கம் இறக்கம், ஏரியிலிருந்து கிளம்பினால் ஏற்றம். ஏரியைத் தூர்த்துக் கட்டிடம் கட்டிவிட்டாலும் பள்ளம் பள்ளம்தான். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரி இருந்த இடம், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலையிலிருந்து எம்.ஜி. ரோட்டுக்கு சைக்கிளில் வந்தால், காரில் போகும்போது கண்ணிலேயே படாத மேடு ஒன்று தொடையில் தெரியும்.

இவை பெரும்பாலும் நீளமான, லேசான மேடுகள். இவற்றோடு மனிதன் கட்டிய மேடுகளும் சேரும்: மேம்பாலங்கள், ரயில்வே அடிப்பாலங்கள், மேஜிக் பாக்ஸ் என்று பெயர் வைத்து அவசரமாக இறக்கிய அடிப்பாதைகள். அடிப்பாலம்தான் மோசம். சரிவு குட்டையாக, செங்குத்தாக இருக்கும், மழை பெய்தால் தண்ணீரும் நிற்கும். நல்ல வேகத்தில் இறங்கி அந்த வேகத்திலேயே ஏறிவிடலாம் என்று நினைப்போம். முன்னால் போகும் ஆட்டோ நடுப்பள்ளத்தில் நின்றுவிடும்.

## ஏறும்போது காலுக்கு என்ன ஆகிறது

கணக்குக்காக ஓட்டுபவர் 68 கிலோ, வண்டி 12 கிலோ, மொத்தம் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரிவு 6 சதவீதம். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை 80இல் 6 சதவீதம், அதாவது 4.8 கிலோ. டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்து 5.5 கிலோ.

இதென்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் பெடல் ஒரு சுற்றில் உங்கள் பாதம் நகரும் தூரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், வண்டி நகர்வதோ 6 மீட்டர். நெம்புகோல் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆகவே பெடலில் சராசரியாக 31 கிலோ அழுத்தம் தேவை. பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும்போது கால் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது, நடுவில்தான் முழு வேலையும். அந்த உச்சத்தில் 50 கிலோ பக்கம் போகும், அதாவது உடல் எடையில் முக்கால் பங்கு. சீட்டில் உட்கார்ந்தபடி அதை ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்க முடியாது. எழுந்து நின்று, ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, மொத்த எடையையும் பெடலில் போட வேண்டும். 5 மீட்டர் விகிதத்தில் அதே உச்சம் 40 கிலோ. கியர் வண்டியின் லேசான கியரில், முன்னால் 34 பின்னால் 32 பல் என்றால், 18 கிலோதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன.

1. ஒற்றை கியரில் மேட்டை மெதுவாக ஏற முடியாது. நிமிடத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போனால் வண்டி ஆட ஆரம்பிக்கும், அப்புறம் நின்றுவிடும். 40 சுற்று என்பது 5 மீட்டர் விகிதத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர், சுமார் 180 வாட் சக்தி. 6 மீட்டர் விகிதத்தில் 14 கிலோமீட்டருக்கு மேல், 210 வாட்டைத் தாண்டும். தினம் ஓட்டிப் பழகாதவருக்கு 150 வாட்டைப் பத்து நிமிடம் தாங்குவதே கஷ்டம். கியர் வண்டிக்காரர் களைத்தால் கியரைக் குறைத்து ஊர்ந்து ஏறுவார். ஒற்றை கியர்காரருக்கு வேகமாக ஏறு, இல்லாவிட்டால் இறங்கித் தள்ளு, இரண்டுதான்.

2. முழங்கால். குறைந்த சுற்று, அதிக அழுத்தம் என்பதுதான் முழங்காலுக்கு ஆகாத கூட்டணி. வாரம் ஒருமுறை என்றால் பரவாயில்லை. தினமும் ஆபீஸ் போக வர இதையே செய்தால் முட்டி ஒருநாள் கேள்வி கேட்கும்.

ஆனாலும் பெங்களூரின் மேடுகள் பெரும்பாலானவை சில நூறு மீட்டரில் முடிந்துவிடும். 3, 4 சதவீதச் சரிவை 5 மீட்டர் விகிதத்தில் சுமாரான உடம்புக்காரரும் எழுந்து நின்று தாண்டிவிடலாம். ஆகவே ஏற முடியுமா என்ற கேள்விக்குப் பதில், பல் எண்ணிக்கை சரியாக இருந்தால் முடியும் என்பதுதான். ஏறும்போது ஃபிக்ஸிக்கு ஒரு சின்ன அனுகூலம்கூட உண்டு. வண்டியின் உந்தமே பெடலை மேல் கீழ் முனைகளைத் தாண்டித் தள்ளிவிடும், மெதுவாக மிதிக்கும்போது அது நன்றாகத் தெரியும்.

## கதை மாறுவது இறக்கத்தில்

அதே 6 சதவீதச் சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கினால் வண்டி மணிக்கு 45 கிலோமீட்டரைத் தொடும். ஃப்ரீவீல் வண்டியில் கால் சும்மா இருக்கும், கை பிரேக்கில் இருக்கும், முடிந்தது. ஃபிக்ஸியில் பெடலும் அதே வேகத்துக்குச் சுற்றும். 6 மீட்டர் விகிதத்தில் நிமிடத்துக்கு 125 சுற்று. ஏற்றத்துக்காக நாம் தேர்ந்தெடுத்த 5 மீட்டர் விகிதத்தில் 150 சுற்று. பழகாத கால் அந்த வேகத்தில் சீட்டின்மேல் குதிக்க ஆரம்பிக்கும், பெடலை விட்டு நழுவும். நழுவிய கால் திரும்பப் பெடலைத் தேடும்போது அந்தப் பெடல் நிற்காமல் கெண்டைக்காலை அடித்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் முடிச்சு. ஃப்ரீவீல் வண்டியில் ஏற்றத்துக்கு வசதியாக விகிதத்தைக் குறைத்துக்கொள்ளலாம், இறக்கத்தில் அதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஃபிக்ஸியில் ஏற்றத்துக்குச் சௌகரியமான விகிதம் இறக்கத்துக்கு ஆகாது, இறக்கத்துக்குச் சௌகரியமானது ஏற்றத்துக்கு ஆகாது. தட்டையான ஊரில் இந்தச் சண்டையே வராது. மேடு பள்ள ஊரில் ஃபிக்ஸி ஓட்டுபவர் எந்தப் பக்கம் கஷ்டப்படுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கால் நிற்க முடியாது என்பதால் வரும் மற்ற சங்கடங்கள்:

1. வேகத்தடை. பெயின்ட் அடிக்காத, திடீரென்று முளைக்கும் நம் ஹம்புகள். ஃப்ரீவீல் வண்டியில் இரண்டு பெடலையும் சமமாக வைத்து எழுந்து நின்று தாண்டுவோம். ஃபிக்ஸியில் பெடல் கீழே இருக்கும் நேரத்தில் ஹம்பு வந்தால் தட்டும். இறக்கத்து அடியில் ஹம்பு போடுவது இங்கே வழக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

2. திருப்பம். வண்டியைச் சாய்க்கும்போது உள்பக்கப் பெடல் தரையில் பட்டால் பின் சக்கரமே தூக்கிவிடும். இதனால்தான் நல்ல ஃபிக்ஸிகளில் பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டு 165 மில்லிமீட்டர் என்று சற்றுக் குட்டையாக இருக்கும்.

3. துணி. வேட்டி, புடவைத் தலைப்பு, ஷூ லேஸ் எதுவாக இருந்தாலும் ஃப்ரீவீல் செயினில் மாட்டினால் காலை நிறுத்தினால் போதும். ஃபிக்ஸியில் சக்கரம் உருளும்வரை செயின் இழுத்துக்கொண்டே இருக்கும். செயின் துடைக்கும்போது விரல் போவதும் இப்படித்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் துடைக்கவே கூடாது.

## பிரேக் வேண்டாம் என்பது யார் சொன்னது

பிரேக் இல்லாத ஃபிக்ஸியை நிறுத்தும் முறை ஸ்கிட். உடம்பை முன்னால் சாய்த்து, பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, காலைப் பூட்டினால் பின் டயர் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்த சைக்கிளிலும் பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரத்தை மட்டும் பிடித்தால், நல்ல முன் பிரேக்கைப்போல் இரண்டு மடங்கு தூரம் ஓடித்தான் வண்டி நிற்கும். இது சமதளத்தில். இறக்கத்தில் எடை இன்னும் முன்னால் சரிந்து பின் சக்கரம் லேசாகிவிடும், ஆகவே ஸ்கிட் போடுவது ரொம்பச் சுலபம், நிற்பதுதான் கஷ்டம். மழையில், தூங்குமூஞ்சி மரத்துப் பூவும் இலையும் கொட்டிக் கிடக்கும் ரோட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டங்கள் இதை ஏற்கெனவே யோசித்துவிட்டன. பிரிட்டனில் 1983 விதிப்படி சைக்கிளுக்கு இரண்டு நிறுத்தும் அமைப்புகள் வேண்டும். ஃபிக்ஸட் பின் சக்கரத்தை ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், முன் பிரேக் கட்டாயம். ஜப்பானில் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். 2016இல் லண்டனில் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு 18 மாதச் சிறை, அதுவும் 1861ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றின்படி. இந்தியாவில் சைக்கிளுக்குப் பதிவும் இல்லை, லைசென்ஸும் இல்லை, ரோட்டில் யாரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை. அந்தச் சுதந்திரம் பிரேக்கைக் கழற்றுவதற்கான காரணம் ஆகாது.

பல் கணக்கு இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. ஸ்கிட் போடும்போது டயர் தேயும் இடங்களின் எண்ணிக்கை விகிதத்தைப் பொறுத்தது. 48க்கு 16 என்றால் சுருக்கினால் 3க்கு 1, எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்து ஸ்கிட் போட்டால் டயரில் ஒரே இடம்தான் தேயும், சீக்கிரமே பொத்துக்கொள்ளும். 46க்கு 16 என்றால் 23க்கு 8, எட்டு இடங்களில் தேய்மானம் பரவும். 47க்கு 17ஐ சுருக்கவே முடியாது, 17 இடம்.

## வெல்டிங் வைத்த ஃபிக்ஸி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண வண்டியின் ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டு ஃபிக்ஸி ஆக்கிவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. செலவு குறைவு. ஆனால் ஃப்ரீவீல் ஹப்பில் மரையில்தான் ஏறியிருக்கிறது. முன்னோக்கி மிதிக்க மிதிக்க இறுகும், பின்னோக்கி அழுத்தினால் கழலும். ஃபிக்ஸியின் வேலையே பின்னோக்கி அழுத்துவதுதான். நிஜமான ஃபிக்ஸட் ஹப்பில் இதற்காகவே இன்னொரு மரை இருக்கிறது, எதிர்த் திசையில். அதில் லாக் ரிங் ஏறும். பல்சக்கரம் கழலப் பார்த்தால் லாக் ரிங் இன்னும் இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். இது இல்லாத ஹப்பில் பிரேக்கையும் கழற்றிவிட்டு இறக்கத்தில் காலை அழுத்தினால், பல்சக்கரம் ஹப்பின்மேல் சும்மா சுழலும், வண்டி தன்பாட்டுக்குப் போகும்.

வாங்கும்போது பின் சக்கரத்தில் லாக் ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். செயின் நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் போதும், அதற்கு மேல் தொளதொளத்தால் இறக்கத்தில் கழன்றுவிடும்.

## அப்படியானால் எத்தனை பல்?

1. உங்கள் தினசரிப் பாதையில் மிக மோசமான 200 மீட்டர் எது என்று கண்டுபிடியுங்கள். மற்ற பத்துக் கிலோமீட்டரை மறந்துவிடலாம், அந்த 200 மீட்டர்தான் விகிதத்தை முடிவு செய்கிறது.

2. ஃப்ரீவீல் வண்டி என்றால் 2.2 முதல் 2.4 வரை: 44க்கு 20, 42க்கு 18 மாதிரி. கால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வேகம் போதவில்லை என்று முதல் வாரம் தோன்றும். பெங்களூர் டிராஃபிக்கில் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

3. ஃபிக்ஸி என்றால் 2.6, 2.7 பக்கம்: 44க்கு 17, 46க்கு 17. ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகத் திணறுவோம், இறக்கத்தில் கால் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். முன் பிரேக், பெடலில் காலைப் பிடிக்கும் பட்டை இரண்டும் அவசியம்.

4. மாற்ற வேண்டுமானால் பின்னால் மாற்றுங்கள். பின்னால் ஒரு பல் கூட்டுவது முன்னால் இரண்டரைப் பல் குறைப்பதற்குச் சமம், செலவும் குறைவு. செயின் நீளம் மட்டும் சரிபார்க்க வேண்டும்.

தினமும் ஆபீஸ் போகும் வண்டி என்றால் என் ஓட்டு இரண்டு பிரேக்கோடு ஃப்ரீவீலுக்கே. ஃபிக்ஸி ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கப்பன் பார்க் பக்கம் ரோடு காலியாக இருக்கும்போது தரும் சுகம் வேறு எதிலும் இல்லை என்பதும் உண்மைதான்.

## நந்தி மலையில்?

ஒற்றை கியர் வாங்கிய எல்லோருக்கும் இரண்டாவது மாதம் வரும் ஆசை இது. பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் அந்த மலைப் பகுதி நகரிலிருந்து 60 கிலோமீட்டர், உச்சி 1,478 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏற்றம். மேலே சொன்ன 12 கிலோமீட்டர் வேகத்தில், 5 மீட்டர் விகிதத்தில், கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் பெரும்பாலும் நின்றபடியே மிதிக்க வேண்டும். பழகிய காலுக்கு முடியும், ஏறியவர்கள் இருக்கிறார்கள்.

இறங்குவதற்கு ஃபிளிப் ஃபிளாப் ஹப் இருந்தால் உச்சியில் சக்கரத்தைத் திருப்பி ஃப்ரீவீல் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், நட்டு இறுக்க 15ஆம் நம்பர் ஸ்பேனர் பையில் இருக்க வேண்டும். திருப்பிய பிறகு செயின் ஆட்டத்தையும் பின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்பதையும் பாருங்கள், சக்கரம் அரை சென்டிமீட்டர் முன்பின் போயிருக்கும். பின் பிரேக்கே இல்லாத வண்டி என்றால் திருப்பாதீர்கள். ஃபிக்ஸட் பக்கத்திலேயே, முதல் வளைவிலிருந்தே முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாமல் இறங்குங்கள். வேகம் ஏறிய பிறகு காலால் குறைக்கப் பார்த்தால் நேரம் கடந்திருக்கும்.